இந்தக் குழாய் இன்றைக்கும் வேண்டுமா?

மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாடு என்று பேசத் தொடங்கினாலே பினாயில், தரை துடைப்பு, முகக்கவசம், கையுறை என்றுதான் பேச்சு போகும். அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனாலும் வார்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு செவிலியர் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், நோயாளியின் போர்வையை விலக்கிப் பார்க்கச் சொல்வேன். கையில் வென்ஃப்ளான் இருக்கும். சிறுநீர்ப்பைக்குள் ஃபோலீஸ் கதீட்டர் போயிருக்கும். சிலருக்கு மூக்கில் ரைல்ஸ் ட்யூப், கழுத்தில் சென்ட்ரல் லைன், தொண்டையில் சுவாசக்குழாய். கிருமி உள்ளே வராமலிருக்கத் தோலும் சளிப்படலமும் இருமலும் செய்துவைத்திருக்கும் காவலை இவை ஒவ்வொன்றும் தாண்டிப் போயிருக்கின்றன. அவசரமான தேவை இருந்ததால்தான் போட்டோம். தேவை தீர்ந்த பிறகும் யாரும் எடுக்காமல் அங்கேயே கிடப்பதில்தான் பாதித் தொல்லை பிறக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே ஒரு தொற்றாவது வந்து சேர்கிறது. அப்படித் தொற்றியவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறந்துபோகிறார். 30 படுக்கை உள்ள ஒரு வார்டை மனதில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர்கள் கொண்டுவந்த நோய் வேறு, இங்கே நாம் கொடுத்தது வேறு.

எனவே நிறைய விதிகளைச் சொல்லிக் குழப்பாமல் ஒரு பழக்கத்தை முதலில் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒவ்வொரு ஷிப்டிலும், ஒவ்வொரு நோயாளியிடமும், ஒவ்வொரு குழாயையும் பார்த்து "இது இன்றைக்கும் வேண்டுமா?" என்று கேளுங்கள். டாக்டர் ரவுண்ட்ஸில் நோயாளியின் அருகே சில நிமிடங்கள்தான் நிற்கிறார். அவர் பார்ப்பது கேஸ் ஷீட்டையும் ரிப்போர்ட்டையும். குழாயைத் தொட்டு, துடைத்து, மருந்து ஏற்றி, பையைக் காலி செய்வது நீங்கள். கேள்வியும் உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

இதற்குச் சரியான நேரம் ஷிப்ட் மாறும்போது ஓவர் எடுக்கும் நேரம். பெரும்பாலான இடங்களில் ஓவர் நர்சிங் ஸ்டேஷன் மேசையிலேயே முடிந்துவிடுகிறது. நோட்டைப் பார்த்து "பெட் நாலு பி.பி. ஸ்டேபிள், பெட் அஞ்சுக்கு நாளைக்கு ஸ்கேன்" என்று வாசித்துவிட்டு, இரவு டியூட்டி முடித்தவர் பஸ் பிடிக்க ஓடுவார். அந்தக் களைப்பு எல்லோருக்கும் தெரிந்ததே. இருந்தாலும் ஓவரைப் படுக்கைக்குப் படுக்கை நடந்தே எடுங்கள். நோட்டில் "ஐ.வி. லைன் பேட்டென்ட்" என்று எழுதியிருக்கும், போய்ப் பார்த்தால் முன்கை வீங்கி, பிளாஸ்டருக்கு அடியில் ரத்தம் உறைந்து கிடக்கும். நேரில் நின்று ஓவர் எடுத்தால் இது யார் ஷிப்டில் வந்தது என்ற சண்டையும் வராது. குழாய் எப்போது போட்டது, எதற்காகப் போட்டது, அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்பதைப் படுக்கை அருகிலேயே ஒருவர் சொல்ல, இன்னொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். போட்ட தேதியையும் நேரத்தையும் பிளாஸ்டர் மேலேயே பேனாவால் எழுதிவிட்டால் யாரும் நினைவைத் துழாவ வேண்டியதில்லை.

ஃபோலீஸ் கதீட்டரிலிருந்து தொடங்குகிறேன். வார்டுகளில் காரணமில்லாமல் மிக அதிக நாள் தங்கும் குழாய் இதுதான். அறுவைச் சிகிச்சைக்காகப் போட்டிருப்பார்கள். நோயாளி எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகும் பையைக் கையில் தூக்கிக்கொண்டே நடப்பார். வயதான அம்மா படுக்கையை நனைக்கிறார் என்று மகள் கெஞ்சிக் கேட்டதற்காகப் போட்டிருப்பார்கள். துணி மாற்ற ஆளில்லை என்பதற்காகவும் போட்டிருப்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். கதீட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடிக்கொண்டே போகிறது. குழாயின் உட்சுவரில் கிருமிகள் வழவழப்பான ஒரு படலமாக ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாடிக் சரியாக நுழைவதில்லை. எவ்வளவு சுத்தமாகப் போட்டாலும் எவ்வளவு நாள் வைத்தோம் என்பதே கடைசியில் கணக்கில் வரும். சிறுநீர் அடைப்பு, நெருக்கடி நிலையில் மணிக்கு மணி அளவு பார்க்க வேண்டிய தேவை, சில அறுவைச் சிகிச்சைகள், இடுப்புப் பக்கத்துப் புண் நனையக்கூடாத நிலை, வாழ்வின் கடைசி நாட்களில் நோயாளிக்குக் கிடைக்கும் ஆறுதல் போன்றவை நியாயமான காரணங்கள். படுக்கை நனைவது மட்டும் காரணமாகாது. அதற்கு டயாப்பர் இருக்கிறது, பெட்பேன் இருக்கிறது, ஆண்களுக்கு ஆணுறை போன்ற வெளிக் கதீட்டர் இருக்கிறது.

டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் பல இளம் செவிலியர்களுக்குத் தயக்கம். "சார், கதீட்டர் எடுக்கலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால், "பார்க்கலாம்" என்ற பதில்தான் கிடைக்கும். தகவலை அடுக்கிக் கேளுங்கள்: "சார், பெட் பன்னிரண்டு அம்மாவுக்கு ஃபோலீஸ் போட்டு இன்னையோட நாலு நாள். நேத்துல இருந்து நடக்கிறாங்க. அவுட்புட் நல்லா இருக்கு, காய்ச்சல் இல்ல. இப்ப எடுத்துடலாமா சார்?" இதற்கு "வேண்டாம்" என்று சொல்ல டாக்டருக்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் இருந்தால் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் அன்றே எடுத்துவிடுவார். எடுத்த பிறகு நோயாளி தானாகச் சிறுநீர் கழித்தாரா என்று அடுத்த சில மணி நேரம் கவனித்து எழுதுவதும் இதே வேலையின் பகுதி.

வைத்தே ஆக வேண்டிய கதீட்டருக்கு வருவோம். பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், தரையையும் தொடக்கூடாது. வார்டில் இதைச் சரியாக வைத்திருப்பார்கள். கோட்டை விடுவது ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் வார்டு பாய் பையை எடுத்து நோயாளியின் வயிற்றின் மேலோ தொடைகளுக்கு நடுவிலோ வைத்துவிடுவார். பையில் பல மணி நேரம் தேங்கிய சிறுநீர் அப்படியே திரும்பி உள்ளே போகும். நோயாளியை நகர்த்துவதற்கு முன் பையைக் காலி செய்து ஸ்ட்ரெச்சரின் பக்கவாட்டுக் கம்பியில் மாட்டி அனுப்புங்கள். கூடப் போகும் வார்டு பாயிடமும் அட்டெண்டரிடமும் ஏன் என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர் மறக்க மாட்டார். பை நிரம்பி வழியும்வரை காத்திருக்க வேண்டாம். நோயாளி ஒவ்வொருவருக்கும் தனி அளவுக் குவளை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குவளையோடு வார்டு முழுக்கப் போய்வந்தால் ஒரு பையின் கிருமி எல்லாப் பைக்கும் போகும். பையின் வாய் குவளையின் விளிம்பில் படக்கூடாது. குழாயையும் பையையும் இணைத்திருக்கும் இடத்தைக் கழற்றவே கூடாது. கல்ச்சருக்குச் சிறுநீர் வேண்டுமானால் பையிலிருந்து பிடிக்காமல் குழாயில் உள்ள சாம்பிள் போர்ட்டைத் துடைத்து அதன் வழியே எடுங்கள். இங்கே ஒரு கூடுதல் எச்சரிக்கை: சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, வாடை அடிக்கிறது என்பதற்காக மட்டும் கல்ச்சர் அனுப்பும் வழக்கத்தை விட வேண்டும். கதீட்டர் உள்ளவரின் கல்ச்சரில் கிருமி வளரத்தான் செய்யும். காய்ச்சலோ வேறு அறிகுறியோ இல்லாதபோது அந்த ரிப்போர்ட்டை நம்பித் தொடங்கும் ஆன்டிபயாடிக், வார்டில் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கிறது.

வென்ஃப்ளான் சிறியது என்பதால் அலட்சியம் அதிகம். ஊசி மருந்து மாத்திரைக்கு மாறிய பிறகும், "ராத்திரி ஏதாவது தேவைப்பட்டால்?" என்று விட்டுவைப்பார்கள். நிலைமை தடுமாறக்கூடிய நோயாளி என்றால் அது சரி. நாளைக்கு வீட்டுக்குப் போகிறவரின் கையில் அது எதற்கு? எடுத்துவிடுங்கள். இருக்கும்வரை ஷிப்டுக்கு ஒருமுறையாவது விரலால் தொட்டு, அழுத்தி, "வலிக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். சிவப்பு, வலி, வீக்கம் இவற்றில் இரண்டு சேர்ந்தாலே லைனை எடுத்து வேறு இடத்தில் போடும் நேரம் வந்துவிட்டது. ரத்தக்குழாய் கயிறு போலத் தடித்துக் கையில் தட்டுப்படும்வரை காத்திருந்தால் தாமதம். 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று உங்கள் மருத்துவமனையில் விதி இருந்தால் பின்பற்றுங்கள். ஆனால் 72 மணி நேரம்வரை அந்தக் கையைப் பார்க்கவே வேண்டாம் என்று அந்த விதி சொல்லவில்லை. பச்சை நிற 18 அளவு ஊசி ரத்தம் ஏற்றவும் அவசரத்துக்கும் வேண்டும்; இரண்டு வேளை ஆன்டிபயாடிக் போட நீல நிற 22 போதும். மணிக்கட்டிலும் முழங்கை மடிப்பிலும் போட்டால் ஒவ்வொரு அசைவிலும் அது உள்ளே உராயும்.

மருந்து ஏற்றும் முன் லைனின் வாயை ஆல்கஹால் ஸ்வாப் கொண்டு 15 விநாடி அழுத்தித் தேய்த்து, காயவிட்டு, பிறகு சிரிஞ்சை இணைக்க வேண்டும். பலரும் ஒரு தடவல் தடவிவிட்டுப் போகிறார்கள். கழற்றிய மூடியைப் படுக்கையில் வைத்து மறுபடி எடுத்து மாட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. அந்த மூடி தொட்டதெல்லாம் நேரே ரத்தத்துக்குள் போகிறது. புது மூடி எடுங்கள்.

ஊசி டிரேயில் பழங்காலத்திலிருந்து தொடரும் சில வழக்கங்களை உடனே நிறுத்தச் சொல்கிறேன். ஸ்பிரிட்டில் ஊறப்போட்ட பஞ்சு உருண்டைகள் நிறைந்த டப்பா அவற்றில் ஒன்று. ஒவ்வொரு கையும் அதற்குள் போய் வருகிறது, மூடி திறந்திருந்து ஸ்பிரிட் ஆவியாகிறது. முன்கூட்டியே ஊறவைத்த பஞ்சைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தனித்தனி உறையில் வரும் ஸ்வாப் இல்லையென்றால் அவ்வப்போது புதுப் பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றிக்கொள்ளுங்கள். அடுத்தது, கிருமிநாசினி நிறைந்த ஜாடியில் நாள் முழுக்க நிற்கும் சீட்டில் ஃபோர்செப்ஸ். பல நாள் மாற்றாத கிருமிநாசினிக் கரைசலிலேயே சூடோமோனாஸ் வகைக் கிருமிகள் சுகமாக வளரும். இதைவிட ஆபத்தானது, நார்மல் சலைன் பாட்டிலில் ஒரு ஊசியைக் குத்தி அப்படியே விட்டுவைத்து, வார்டில் உள்ள எல்லோருக்கும் ஃபிளஷ் செய்ய அதிலிருந்தே எடுப்பது. நேரம் மிச்சம் என்று நினைத்துச் செய்கிறார்கள். யாராவது ஒருவர் பயன்படுத்திய சிரிஞ்சை ஒரே ஒருமுறை அதில் இணைத்துவிட்டால், ஹெபடைடிஸ் பி, சி உட்பட எது வேண்டுமானாலும் அந்தப் பாட்டில் வழியே பலருக்குப் போய்ச் சேரும். ஒரு ஊசி, ஒரு சிரிஞ்ச், ஒரே ஆள், ஒரே முறை. ஊசியை மட்டும் மாற்றிவிட்டு அதே சிரிஞ்சைப் பயன்படுத்தினாலும் குற்றம்தான்.

சென்ட்ரல் லைன் விஷயத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநில அனுபவத்தை எல்லாச் செவிலியரும் தெரிந்துகொள்ள வேண்டும். பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற மருத்துவரின் வழிகாட்டலில் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்கள் ஐந்து காரியங்களை மட்டும் விடாமல் செய்தன. கை கழுவுவது, லைன் போடும்போது முழுத் திரையும் கவுனும் தொப்பியும் பயன்படுத்துவது, தோலைக் குளோர்ஹெக்ஸிடின் கொண்டு துடைப்பது, முடிந்தவரை தொடை இடுக்கில் போடாமல் தவிர்ப்பது, தேவையற்ற லைனை எடுத்துவிடுவது. 2006இல் வெளியான முடிவின்படி, ஆயிரம் லைன் நாட்களுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று 18 மாதங்களில் 1.4 ஆகக் குறைந்தது. புது மருந்தோ புதுக் கருவியோ வரவில்லை. ஆனால் ஒன்று மாறியிருந்தது: அவசரம் இல்லாத நேரத்தில் மருத்துவர் ஒரு படியை விட்டுவிட்டால் அவரை நிறுத்தும் அதிகாரம் அருகில் நின்றவர்களுக்குத் தரப்பட்டது. நம் மருத்துவமனைகளில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் சர்ஜனைப் பார்த்து "சார், கிளவுஸ் டிராலியில பட்டுடுச்சு, மாத்திக்கோங்க" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைச் சொன்ன சிஸ்டருக்கு இன்சார்ஜும் நர்சிங் சூப்பிரண்டும் மருத்துவமனை டீனும் துணை நிற்க வேண்டும். அந்தத் துணையை நிர்வாகம் முன்கூட்டியே எழுத்தில் கொடுக்காமல், தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவின் கூட்டத்தில் செவிலியரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

கைக்கு வருகிறேன். கையைச் சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்கள் சுவரில் படமாக ஒட்டியிருக்கும்: நோயாளியைத் தொடும் முன், சுத்தமான வேலை எதையும் செய்யும் முன், ரத்தமோ கழிவோ பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின். கவனித்துப் பார்த்தால், "பின்" என்று வருவதை எல்லோரும் ஓரளவு செய்துவிடுகிறோம், அது நம்மைக் காப்பதால். "முன்" என்று வருவதைத்தான் விட்டுவிடுகிறோம், அது நோயாளியைக் காக்கிறது. உங்களைச் சரிசெய்துகொள்ள ஓர் இடம் வேண்டுமென்றால் அந்த முதல் இரண்டில் தொடங்குங்கள். ஹேண்ட் ரப் என்றால் உள்ளங்கை நிறைய எடுத்து 20 முதல் 30 விநாடி, விரல் நுனியும் கட்டைவிரலும் நனையத் தேய்க்க வேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் மொத்தம் 40 முதல் 60 விநாடி. கையில் அழுக்கோ ரத்தமோ தெரிந்தாலும், வயிற்றுப்போக்கு உள்ளவரைத் தொட்டாலும் சோப்புதான். குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் போன்ற கிருமிகளின் வித்துகளை ஆல்கஹால் கொல்வதில்லை. மற்ற நேரங்களில் ஹேண்ட் ரப் விரைவானது, சோப்பைவிடத் தோலை வறளச் செய்வதும் குறைவு. மோதிரம், வளையல், கைக்கடிகாரம், நகப்பூச்சு டியூட்டியில் வேண்டாம். குனியும்போது நோயாளியின் புண் மேல் உரசும் அடையாள அட்டைக் கயிற்றையும் சட்டைக்குள் செருகிவிடுங்கள்.

கையுறையைப் பற்றி ஒரு வார்த்தை. கையுறை போட்டவுடன் கை சுத்தமாகிவிட்டது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஒரே ஜோடியோடு சக்‌ஷன் போட்டு, மானிட்டர் பொத்தானை அழுத்தி, கேஸ் ஷீட்டைப் புரட்டி, செல்போனை எடுத்துப் பேசியவர்களைப் பார்த்திருக்கிறேன். அசினிட்டோபாக்டர் போன்ற கிருமிகள் காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே ஒரு வேலை முடிந்ததும் கழற்றுங்கள். கழற்றியதும் கையைச் சுத்தம் செய்யுங்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம், கழற்றும்போதும் கையில் படும்.

ரைல்ஸ் ட்யூப் நம் ஊரில் அட்டெண்டர் கையில் இருக்கும் குழாய். பக்கவாதம் வந்த அப்பாவுக்கு மகன்தான் கஞ்சி ஊற்றுவார், கலக்கிய சத்துமாவு ஊற்றுவார். நோயாளி மல்லாந்து படுத்திருக்க ஊற்றினால் அது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கும். சில நாளில் நிமோனியா. தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி, ஊற்றி முடித்த பிறகும் அரைமணி நேரத்துக்கு மேல் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பதை முதல் வேளையில் நீங்களே செய்து காட்டுங்கள். அடுத்த வேளையில் அவரைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். மூக்கின் ஓரத்தில் குழாய் எந்த அளவில் இருந்தது என்று மார்க்கரால் கோடு போட்டு வைத்தால், நழுவியிருக்கிறதா என்று அட்டெண்டருக்கே தெரியும். குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்பதைக் காற்றை அடித்து ஸ்டெத்தில் கேட்டு முடிவு செய்யும் பழைய முறையை நம்பாதீர்கள். உறிஞ்சிய நீரைப் பி.எச். தாளில் பார்த்து 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் நம்பலாம். வென்டிலேட்டர் நோயாளிக்கும் தலை உயரம் அதேதான். அவர்களுக்குப் பல் துலக்கிவிடுவதை ஒப்பனை வேலை என்று எண்ணாதீர்கள், வாயில் தேங்கும் கிருமிதான் கீழே இறங்குகிறது. குழாய்களில் கோத்துக்கொள்ளும் நீரை நோயாளியின் பக்கம் சாயவிடாமல் வெளியேற்றுங்கள்.

குழாய்கள் பலவாக இருக்கும் நோயாளியிடம் தொற்றைத் தவிர இன்னொரு ஆபத்தும் உண்டு. வாய்வழி கொடுக்க வேண்டியதை ரத்தக்குழாயில் ஏற்றிவிடுவது. எதையும் இணைக்கும் முன் அந்தக் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டே உடலில் நுழையும் இடம்வரை தடவிப் போய்ப் பாருங்கள். வாய் மருந்தை ஊசி சிரிஞ்சில் எடுத்து வைக்கவே வைக்காதீர்கள். அதோடு, "முருகன்தானே?" என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் "ம்" என்பார். "உங்க பேர் என்னங்கய்யா?" என்று கேட்டு, கையில் கட்டிய பட்டையில் ஐ.பி. எண்ணைச் சரிபாருங்கள். பெட் நம்பரை அடையாளமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ஸ்கேனுக்குப் போய் வந்தவரை வேறு படுக்கையில் விட்டிருப்பார்கள். இன்சுலின் வயலில் 40 என்று போட்டிருந்தால் 40 சிரிஞ்ச், 100 என்றால் 100 சிரிஞ்ச். மாற்றிப் போட்டால் இரண்டரை மடங்கு வித்தியாசம் வரும்.

தொற்று செவிலியரையும் விடாது. கேரளத்தில் 2018 மே மாதம் நிபா வைரஸ் பரவியபோது பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் பணிபுரிந்த செவிலியர் லினி புதுசேரி உயிரிழந்தார். அவர் கவனித்த நோயாளிக்கு என்ன நோய் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்தக் கொள்ளைநோயில் பெரும்பாலானவர்களுக்குத் தொற்று வந்தது மருத்துவமனைக்குள், வார்டிலும் நடைபாதையிலும்தான். நோயின் பெயர் தெரிந்த பிறகு எல்லோரும் கவனமாகிவிடுவார்கள். பெயர் தெரியாத அந்த முதல் சில நாட்களுக்குத்தான் பொதுவான முன்னெச்சரிக்கைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. காய்ச்சலோடு இருமுகிறவர் வந்து நின்றவுடன் முகக்கவசம் கொடுங்கள், மற்றவர்களிடமிருந்து தள்ளி உட்கார வையுங்கள், வாந்தி, ரத்தம் தெறிக்கும் என்ற சந்தேகம் இருந்தாலே நீங்கள் கண்ணாடியும் கவுனும் போட்டுக்கொள்ளுங்கள். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நோயாளிக்காக உங்களைப் பலி கொடுக்க வேண்டும் என்று உங்களிடம் யாரும் கேட்கக்கூடாது.

அதனால்தான் ஊசி குத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள். ஊசி துளைக்க முடியாத வெள்ளை ஊசிப்பெட்டியை நோயாளியின் பக்கத்துக்கே டிராலியில் கொண்டுபோங்கள், முக்கால் பங்கு நிரம்பியதும் மூடிவிடுங்கள். ஊசியை மஞ்சள் பையிலோ சிவப்புப் பையிலோ போட்டால் குத்தப்போவது உங்களை அல்ல, குப்பையைத் தூக்கும் ஆயாம்மாவை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டு, ரத்தத்தில் எதிர்ப்பு அளவு 10க்கு மேல் வந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி போடாதவருக்கு அந்த வைரஸ் உள்ள ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம், எச்.ஐ.வி.க்கு அது ஏறத்தாழ 0.3 சதவீதம். குத்திவிட்டால் பிதுக்கக்கூடாது, பிளீச்சிங் ஊற்றக்கூடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். உடனே இன்சார்ஜிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்றால் முதல் மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. திட்டு விழும் என்று பயந்து மறைப்பவர்கள்தான் இந்த நேரத்தைத் தவறவிடுகிறார்கள். சொன்னவரைத் திட்டும் இன்சார்ஜ், அடுத்த முறை யாரும் தன்னிடம் சொல்லாதபடி செய்கிறார்.

ஒரு இரவு டியூட்டியில் 30, 40 பேரைத் தனியாகப் பார்க்கும் நிலையில் இவ்வளவும் எப்படி என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், அதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஆள் பற்றாக்குறையைச் செவிலியரின் மனசாட்சியால் மட்டும் ஈடுகட்ட முடியாது. ஒவ்வொரு படுக்கையிலும் ஹேண்ட் ரப், ஒவ்வொரு டிராலியிலும் ஊசிப்பெட்டி, தேவையான அளவு ஸ்வாப் என்று கேட்டுப் பெறுங்கள். ஹேண்ட் ரப் வராந்தாவின் கடைசியில் இருந்தால் யாரும் போய்வர மாட்டார்கள். நெருக்கடியான இரவில் படுக்கை விரிப்பு மாற்றுவது தள்ளிப்போகலாம், ரிஜிஸ்டர் எழுதுவது தள்ளிப்போகலாம். லைனைத் தொடும் முன் கையைச் சுத்தம் செய்வதும், புது ஊசி புது சிரிஞ்ச் எடுப்பதும், பெயரைக் கேட்டுச் சரிபார்ப்பதும் தள்ளிப்போகக் கூடாது. எடுக்கப்பட்ட ஒவ்வொரு குழாயும் அடுத்த ஷிப்டின் வேலையைக் குறைக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சிலர் கதீட்டரோடுதான் வீட்டுக்குப் போவார்கள். டிஸ்சார்ஜ் ஷீட்டில் "கதீட்டர் கேர்" என்று இரண்டு வார்த்தை எழுதிக் கொடுத்தால் அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியாது. கிளம்புவதற்கு முந்தைய நாளே பார்த்துக்கொள்ளப் போகிறவரை அழைத்து, பையைக் காலி செய்யவும், கையைக் கழுவவும், குழாய் வெளியே வரும் இடத்தைத் தினமும் சோப்பால் கழுவவும் அவர் கையாலேயே செய்ய வையுங்கள். பையைக் கட்டிலின் பக்கவாட்டில் கட்ட வேண்டும், பாயில் படுப்பவர் என்றால் எங்கே தாழ்த்தி வைப்பது என்று அவர் வீட்டு நிலையைக் கேட்டுச் சொல்லுங்கள். குழாயை எப்போது மாற்ற வேண்டும் அல்லது எடுக்க வேண்டும் என்ற தேதியைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் நின்றுபோவது, ரத்தம் கலந்து வருவது, பெரியவர் திடீரென்று குழப்பமாகப் பேசுவது ஆகியவை வந்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் வர வேண்டும் என்பதையும், வார்டின் தொலைபேசி எண்ணையும் அதே தாளில் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.